டிஸ்க் மாற்றினால் கம்ப்யூட்டர் ஏன் எழுந்திருக்காது? ஒரு நாற்பது வருடக் கதை

போன மாதம் ஒரு சனிக்கிழமை கும்பகோணத்தில் ஒரு டிடிபி கடையில் உட்கார்ந்திருந்தேன். கம்ப்யூட்டர் பழுது பார்ப்பதற்காகப் போகவில்லை. பக்கத்து ஊர்ச் சிவன் கோயிலுக்கு 2008-ல் குடமுழுக்கு நடந்தபோது ஒரு விழா மலர் போட்டிருந்தார்கள். அந்த ஊர்ப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், தெற்குச் சுவரில் இருந்த கல்வெட்டுகளைத் தானே படித்து எழுதி அந்த மலரில் சேர்த்திருந்தார். அவர் இப்போது இல்லை. பிறகு நடந்த ஒரு திருப்பணியில் மணலை வீசிச் சுவரைச் சுத்தம் செய்ததில் எழுத்துகளில் பாதிக்கு மேல் மழுங்கிவிட்டன. மலரின் அச்சுப் பிரதிக்காக இரண்டு வருடமாக அலைகிறேன், ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அதன் பக்கங்களை அமைத்தது இந்தக் கடைதான் என்று சமீபத்தில்தான் தெரிந்தது.

கடைக்காரருக்கு அறுபதை நெருங்கும் வயது. "ஃபைல் இருக்கு தம்பி. நான் எதையும் அழிக்கிற ஆளு இல்ல" என்றார். அடுத்து சொன்னதுதான் வயிற்றைக் கலக்கியது. "ஆனா நேத்துலேருந்து மெஷின் எந்திரிக்கவே மாட்டேங்குது."

நடந்தது இதுதான். 500 ஜிபி ஹார்டு டிஸ்க், அதில் விண்டோஸ் 7, அதன் மேல் பேஜ்மேக்கர், யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்கள். மெஷின் ஆமை வேகத்தில் ஓடியிருக்கிறது. தெரிந்த சர்வீஸ் பையன் ஒருவர் 240 ஜிபி எஸ்எஸ்டி வாங்கி மாட்டி, சி டிரைவை மட்டும் அதில் நகலெடுத்திருக்கிறார். பக்கங்கள் இருக்கும் டி டிரைவ் பழைய டிஸ்க்கிலேயே இருக்கட்டும் என்பது திட்டம். கூடவே பயாஸுக்குள் போய், எஸ்எஸ்டி வேகமாக ஓடட்டும் என்று ஒரு செட்டிங்கையும் மாற்றியிருக்கிறார்.

புது டிஸ்க்கை வைத்து ஆன் செய்தால் கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி: 'ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்'. சரி, பழையதையே மாட்டுவோம் என்று மாட்டினால் விண்டோஸ் சின்னம் வருகிறது, ஒரு நொடி நீலத் திரை, உடனே ரீஸ்டார்ட். திரும்பத் திரும்ப அதே.

"ரெண்டுமே போச்சு சார். பழசு கரப்ட் ஆயிடுச்சு. ரெண்டையும் ஃபார்மட் பண்ணி விண்டோஸ் 10 ஏத்திடலாம், மதியத்துக்குள்ள ரெடி" என்றார் பையன்.

அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். எழுத்துரு மென்பொருளின் சிடி எப்போதோ உடைந்துவிட்டதாம். அந்த எழுத்துரு இல்லாமல் பழைய பக்கங்களைத் திறந்தால் தமிழ் வராது, ரோமன் எழுத்துக் குப்பைதான் வரும். அதாவது சி டிரைவும் வேண்டும், டி டிரைவும் வேண்டும். டிஸ்க்கை என் லேப்டாப்பில் செருகிப் பார்க்க ஒரு யுஎஸ்பி கேபிள்கூட என் கையில் இல்லை.

"ரெண்டு மணி நேரம் குடுங்கண்ணே. அதுவரைக்கும் எதையும் ஃபார்மட் பண்ண வேணாம்" என்றேன்.

பேசுவது யார்?

கல்வெட்டு படிக்கும்போது எடுத்த எடுப்பில் கேட்க வேண்டிய கேள்வி, இதை வெட்டுவித்தது யார், எந்த ஆட்சியாண்டில் என்பது. அரசனின் ஆணையா, ஊர்ச் சபையின் முடிவா, ஒரு தனி ஆளின் கொடையா என்று தெரியாமல் பொருள் சொன்னால் தப்பாகத்தான் சொல்வோம்.

பூட் ஆகாத கம்ப்யூட்டரின் பிழைச்செய்தியையும் அப்படித்தான் படிக்க வேண்டும். பவர் பட்டனை அழுத்துவதற்கும் டெஸ்க்டாப் வருவதற்கும் நடுவில் நான்கைந்து புரோகிராம்கள் ஒன்றை ஒன்று எழுப்பிவிட்டு ஒதுங்குகின்றன. வெவ்வேறு ஆட்கள், வெவ்வேறு பத்தாண்டுகளில் எழுதியவை அவை. அடுத்த ஆளைத் தேடிக் கிடைக்காமல் நின்றுபோனவர் கடைசியாகச் சொல்லும் சொல்தான் பிழைச்செய்தி. பேசுவது யார் என்று தெரிந்தால், அவர் வரைக்கும் எல்லாம் நன்றாக நடந்திருக்கிறது என்று அர்த்தம். அதைக் கண்டுபிடிக்க அந்த ஆட்களின் வரலாறு கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

தன் தோளில் தானே ஏறுவது

பூட் என்ற சொல் 'பூட்ஸ்ட்ராப்' என்பதன் சுருக்கம். காலில் போடும் பூட்ஸின் பின்பக்கம் இழுத்து மாட்ட ஒரு வார் இருக்கும். அந்த வாரைப் பிடித்துத் தன்னைத் தானே தூக்கிக்கொள்வது என்றால் நடக்காத காரியம் என்று பொருள். நம் ஊரில் தன் தோளில் தானே ஏறுவது என்போமே, அது. கம்ப்யூட்டரின் பிரச்சினையும் இதே: ஒரு புரோகிராமை நினைவகத்தில் ஏற்ற இன்னொரு புரோகிராம் வேண்டும். அந்த முதல் புரோகிராமை யார் ஏற்றுவது?

1952-ல் வந்த ஐபிஎம் 701-ல் இதற்கு 'லோட்' என்று ஒரு பொத்தான் வைத்தார்கள். அழுத்தினால் துளையட்டையிலிருந்தோ காந்த நாடாவிலிருந்தோ ஒரே ஒரு சொல்லை, அதாவது 36 பிட்டை, இயந்திரம் உள்ளே எடுக்கும். அதில் இருக்கும் கட்டளை இன்னும் சிலவற்றைப் படிக்கும். அவை மேலும் படிக்கும்.

1975-ல் வந்த ஆல்டேர் 8800-ல் அந்த வசதியும் கிடையாது. முன்பக்கத்தில் வரிசையாக ஸ்விட்சுகள் இருக்கும். முதல் புரோகிராமை ஒவ்வொரு பைட்டாக ஸ்விட்சு தட்டித்தான் ஏற்ற வேண்டும். பில் கேட்ஸும் பால் ஆலனும் ஆல்டேருக்காக எழுதிய பேசிக் மொழியைக் காட்ட ஆலன் ஆல்புகெர்க்கிக்கு விமானத்தில் போகிறார். தரையிறங்கும் சமயத்தில்தான் காகித நாடாவிலிருந்து பேசிக்கை ஏற்றும் புரோகிராமை எழுத மறந்தது நினைவுக்கு வருகிறது. சீட்டில் உட்கார்ந்தபடியே எழுதி முடித்தார். அது வேலை செய்யாமல் போயிருந்தால் மைக்ரோசாஃப்டின் கதை எப்படிப் போயிருக்கும் என்று தெரியாது.

1981: அரை கிலோபைட் கதவு

1981 ஆகஸ்ட் 12-ல் ஐபிஎம் பிசி வந்தது. இதில் ஸ்விட்சு தட்டும் வேலை இல்லை, முதல் புரோகிராம் மதர்போர்டிலேயே ஒரு ராம் சிப்பில், அதாவது அழியாத படிப்பு நினைவகத்தில், இருந்தது. அதுதான் பயாஸ். அதை எழுதியவர்களில் முக்கியமானவர் டேவிட் பிராட்லி. கன்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும் சேர்த்து அழுத்தும் வழக்கமும் இவர் கொடுத்ததுதான்.

பயாஸின் வேலை எளிமையானது. ஃபிளாப்பியின் முதல் செக்டரை, 512 பைட்டை, நினைவகத்தில் 31,744 என்ற முகவரியில் வை. பிறகு அங்கே குதி. அவ்வளவுதான்.

அது என்ன 31,744? 32 கேபி நினைவகம் உள்ள மெஷினை மனதில் வைத்துப் போட்ட கணக்கு அது. 32 கேபி என்றால் 32,768 பைட். அதன் கடைசியில் 1,024 பைட்டை ஒதுக்கினார்கள்: செக்டருக்கு 512, அது வேலை செய்யும் இடத்துக்கு 512. கழித்தால் 31,744. கீழே உள்ள இடம் முழுக்க ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கு. கும்பகோணத்துக் கடையில் இருந்த மெஷினில் 4 ஜிபி நினைவகம், அதாவது அந்த 32 கேபியைப் போல 1,31,072 மடங்கு. அதுவும் டிஸ்க்கின் முதல் செக்டரை அதே 31,744-ல்தான் கொண்டுபோய் வைக்கிறது.

இன்னொரு எச்சமும் உண்டு. முதல் ஐபிஎம் பிசியில் டிஸ்க் எதுவும் இல்லையென்றால், சிப்பிலேயே இருந்த பேசிக் மொழிக்குப் பயாஸ் கைமாற்றிவிடும். டேப் ரெக்கார்டரில் கேசட் போட்டு வேலை பார்க்கலாம். மற்ற நிறுவனங்கள் செய்த பிசிகளில் அந்த பேசிக் சிப் கிடையாது, ஆனால் கைமாற்றும் வழக்கம் மட்டும் தங்கிவிட்டது. தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனவர்கள் சிலருக்கு 'நோ ராம் பேசிக், சிஸ்டம் ஹால்ட்டட்' என்ற வரி ஞாபகம் இருக்கலாம். டிஸ்க்கில் பூட் செய்ய எதுவும் இல்லை என்பதை, இல்லாத ஒரு மொழியைத் தேடிப் பார்த்து இப்படிச் சொன்னது மெஷின்.

கடையில் புது டிஸ்க் காட்டிய 'ப்ராப்பர் பூட் டிவைஸ்' வரியும் இதே வகையறா. பேசுவது பயாஸ். டிஸ்க் கெட்டுவிட்டது என்று அது சொல்லவில்லை. "கதவைத் தட்டினேன், எழுந்துவர ஆள் இல்லை" என்கிறது.

1983: நான்கு வீட்டு முகவரி

ஐபிஎம் பிசி வந்தபோது ஹார்டு டிஸ்க் கிடையாது. 1983 மார்ச்சில் வந்த பிசி எக்ஸ்டியில்தான் 10 எம்பி ஹார்டு டிஸ்க்கும் அதை ஆள டாஸ் 2.0-வும் வந்தன. விலை அதிகமான டிஸ்க்கை ஒன்றுக்கு மேற்பட்ட ஆப்பரேட்டிங் சிஸ்டங்கள் பங்குபோட்டுக்கொள்ளட்டும் என்று அதைப் பார்ட்டிஷன்களாகப் பிரிக்கும் ஏற்பாடும் அப்போது வந்தது. அந்தப் பாகப்பிரிவினைப் பத்திரம் முதல் செக்டரில் இருக்கிறது. அதன் பெயர் மாஸ்டர் பூட் ரெக்கார்டு, சுருக்கமாக எம்பிஆர்.

512 பைட்டில் எல்லாம் அடங்க வேண்டும். 446 பைட் புரோகிராமுக்கு. 16 பைட் வீதம் நான்கு பார்ட்டிஷன்களுக்கு 64 பைட். கடைசி 2 பைட் 55, ஏஏ என்ற முத்திரை. மொத்தம் 512.

இந்தக் குட்டி புரோகிராமின் நடத்தை எனக்குப் பிடிக்கும். 31,744-ல் வந்து உட்கார்ந்ததும் முதல் காரியமாகத் தன்னைத் தானே 1,536-ம் முகவரிக்கு நகலெடுத்துக்கொண்டு நகர்ந்துவிடும். ஏனென்றால் அடுத்து வரப்போகிறவரும் 31,744-ல்தான் உட்காருவார். பிறகு நான்கு பார்ட்டிஷனில் எதில் 'ஆக்டிவ்' என்ற குறி இருக்கிறது என்று பார்க்கும். அதன் முதல் செக்டரைக் கொண்டுவந்து தான் காலிசெய்த நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு ஒதுங்கிவிடும்.

'இன்வேலிட் பார்ட்டிஷன் டேபிள்', 'எரர் லோடிங் ஆப்பரேட்டிங் சிஸ்டம்', 'மிஸ்ஸிங் ஆப்பரேட்டிங் சிஸ்டம்'. இந்த மூன்றில் ஒன்றைப் பார்த்தால் பேசுவது எம்பிஆர் என்று எடுத்துக்கொள்ளலாம். மூன்றுமே டாஸ் 2.0 காலத்து வாசகங்கள். விண்டோஸின் எம்பிஆரிலும் சொல் மாறாமல் இருக்கின்றன.

ஆக்டிவ் குறி எதிலுமே இல்லையென்றால்? எம்பிஆர் ஒன்றும் பேசாமல் பயாஸிடமே திருப்பி அனுப்பிவிடும், பழைய பேசிக் வழியாக. அப்போதுதான் பயாஸ் 'ப்ராப்பர் பூட் டிவைஸ்' என்று புலம்பும்.

கடையில் எனக்கு வந்த சந்தேகம் இதுதான். நகல் மென்பொருள் சி டிரைவின் உள்ளடக்கத்தை மட்டும் எடுத்திருக்கிறது. ஆக்டிவ் குறி சி டிரைவுக்குள் இல்லை, அதற்கு வெளியே எம்பிஆரில் இருக்கிறது. வீட்டுச் சாமானையெல்லாம் புது வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்தாயிற்று, தபால்காரருக்கு முகவரி சொல்லவில்லை.

பழைய டிஸ்க்கின் இரண்டு கேபிளையும் கழற்றித் தனியே வைத்தேன். இந்த மாதிரி வேலையில் முதல் விதி அதுதான்: அசல் மேசை மேல் இருக்க வேண்டும், மெஷினில் இருக்கக்கூடாது. பையனிடம் விண்டோஸ் 7 டிவிடி இருந்தது. அதில் ஏறி, டிஸ்க்பார்ட் கட்டளையில் புது டிஸ்க்கின் பார்ட்டிஷனுக்கு ஆக்டிவ் குறி போட்டேன். டிவிடியை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட்.

'பூட்எம்ஜிஆர் ஈஸ் மிஸ்ஸிங்.'

"பாத்தீங்களா சார், இன்னும் மோசமாயிடுச்சு" என்றார் பையன்.

"இல்ல தம்பி, ரெண்டு படி மேல ஏறியிருக்கோம்" என்றேன். நிஜமாகவே அப்படித்தான்.

2007: காவலாளி குடியிருந்த இடம்

அந்த வரியைப் பேசியது எம்பிஆர் இல்லை. எம்பிஆர் தன் வேலையைச் சரியாக முடித்து, பார்ட்டிஷனின் முதல் செக்டரை எழுப்பிவிட்டது. அந்தச் செக்டர் விண்டோஸ் காரர்கள் எழுதியது. 1993-ல் வந்த விண்டோஸ் என்டியிலிருந்து எக்ஸ்பி வரை அது 'என்டிஎல்டிஆர்' என்ற ஃபைலைத் தேடும். 2007-ல் கடைக்கு வந்த விஸ்டாவிலிருந்து 'பூட்எம்ஜிஆர்' என்ற ஃபைலைத் தேடுகிறது. ஆக, கிடைக்காத ஃபைலின் பெயரை வைத்தே அந்தச் செக்டர் எந்த ஆட்சிக் காலம் என்று சொல்லிவிடலாம்.

ஃபைல் ஏன் கிடைக்கவில்லை? விண்டோஸ் 7-ல் ஒரு சின்ன மாற்றம் செய்தார்கள். காலியான டிஸ்க்கில் புதிதாக நிறுவினால், ஆரம்பத்தில் 100 எம்பிக்கு ஒரு தனிப் பார்ட்டிஷன் உண்டாகும். அதற்கு எழுத்துப் பெயர் கிடையாது, மை கம்ப்யூட்டரில் தெரியாது. பூட்எம்ஜிஆரும், எந்த விண்டோஸ் எங்கே இருக்கிறது என்று எழுதிவைத்திருக்கும் பிசிடி என்ற பதிவேடும் அங்கேதான் குடியிருக்கும். சி டிரைவை மட்டும் நகலெடுத்தால் அவை வராது. டிஸ்க் மாற்றிப் பூட் ஆகாமல் போகிற மெஷின்களில் நான் பார்த்தவை பெரும்பாலும் இந்த வகைதான்.

மருந்து எளிது. மறுபடி டிவிடியில் ஏறி, பிசிடிபூட் என்ற கட்டளைக்கு விண்டோஸ் இருக்கும் இடத்தைக் காட்டினால், பூட்எம்ஜிஆரையும் பதிவேட்டையும் அது புதிதாகச் சி டிரைவிலேயே எழுதிக் கொடுத்துவிடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. விண்டோஸ் ஒவ்வொரு டிஸ்க்கையும் எம்பிஆரில் இருக்கும் 4 பைட் கையெழுத்தை வைத்து அடையாளம் காண்கிறது. பழைய 446-ன் ஓரத்தில், 440-ம் பைட்டில் செருகிய எண் அது. முழு டிஸ்க்கையும் அச்சாக நகலெடுத்தால் இரண்டுக்கும் ஒரே கையெழுத்து. இரண்டையும் ஒன்றாக மாட்டி ஏற்றினால் விண்டோஸ் குழம்பி ஒன்றை ஆஃப்லைனில் வைக்கும். அதை நாம் ஆன்லைனுக்குக் கொண்டுவந்தால் அதன் கையெழுத்தை மாற்றிவிடும். பிறகு அந்த டிஸ்க் தனியாக ஏறாது. நகலெடுத்தபின் முதல் தடவை ஏற்றும்போது ஒரே ஒரு டிஸ்க்தான் மாட்டியிருக்க வேண்டும் என்று சொல்வதற்குக் காரணம் இது.

ரீஸ்டார்ட். விண்டோஸ் சின்னம் வந்தது. அண்ணன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஒரு நொடி நீலத் திரை. ரீஸ்டார்ட்.

அவர் முகம் விழுந்துவிட்டது. எனக்கு மட்டும் மனசு லேசானது.

இரண்டு டிஸ்க், ஒரே நீலத் திரை

காரணம் சொல்கிறேன். இதே நீலத் திரையைத்தான் பழைய டிஸ்க்கும் காட்டியது. அதை வைத்துத்தான் 'பழசு கரப்ட்' என்று பையன் முடிவு கட்டினார். இப்போது வேறொரு டிஸ்க், புத்தம் புதியது, அதே இடத்தில் அதே மாதிரி விழுகிறது. இரண்டு டிஸ்க்கும் ஒரே மாதிரி கெட்டுப்போக வாய்ப்பு குறைவு. இரண்டுக்கும் பொதுவானது மதர்போர்டு. அதில் முந்தின நாள் ஒரு செட்டிங் மாறியிருக்கிறது.

எஃப்8 அழுத்தி, பிழை வந்தால் தானாக ரீஸ்டார்ட் ஆவதை நிறுத்தச் சொன்னேன். இப்போது திரை நின்றது. 'ஸ்டாப்' என்ற சொல்லை அடுத்து நீளமான எண், முடிவில் 7பி. பெயர் 'இன்ஆக்சஸபிள் பூட் டிவைஸ்'. இதைச் சொல்வது விண்டோஸின் கருவான கெர்னலேதான். கெர்னல் பேசுகிறது என்றால் பயாஸ், எம்பிஆர், பார்ட்டிஷன் செக்டர், பூட்எம்ஜிஆர் நால்வரும் வேலையை முடித்துவிட்டார்கள். டிஸ்க்கிலிருந்து அவ்வளவையும் படிக்க முடிந்திருக்கிறது.

பிறகு ஏன் டிஸ்க் கிடைக்கவில்லை என்கிறது? அதுவரை வந்தவர்கள் பயாஸின் கையைப் பிடித்துக்கொண்டு டிஸ்க்கைப் படித்தார்கள். கெர்னல் அந்தக் கையை விட்டுவிட்டுத் தன் சொந்த டிரைவர் மூலம் படிக்கும். அந்த இடத்தில்தான் தடுக்கியது. 1986-ல் காம்பாக் டெஸ்க்ப்ரோ 386-ல் ஐடிஇ என்ற டிஸ்க் இணைப்பு முறை வந்தது. அதன் பேச்சு வழக்கைப் பின்னால் வந்த சாட்டா டிஸ்க்குகளும் பாவனை செய்தன. 2004-ல் ஏஹெச்சிஐ என்ற புது வழக்கு வந்தது. இது வேகமானது, எஸ்எஸ்டிக்கு ஏற்றது. எந்த வழக்கில் பேசுவது என்பது பயாஸில் ஒரு செட்டிங். நிறுவும் நேரத்தில் ஐடிஇ வழக்கு இருந்தால், விண்டோஸ் 7 ஏஹெச்சிஐ டிரைவரை வேண்டாமென்று அணைத்து வைத்துவிடும். அப்புறம் செட்டிங்கை மாற்றினால் கெர்னலுக்குக் காது கேட்காது.

"தம்பி, நேத்து பயாஸ்ல சாட்டா மோடை ஏஹெச்சிஐ ஆக்குனீங்களா?"

"ஆமா சார், எஸ்எஸ்டின்னா அதான போடணும்?"

போடத்தான் வேண்டும். வரிசைதான் தப்பு. ஐடிஇக்குத் திருப்பினேன். விண்டோஸ் ஏறியது. ரெஜிஸ்ட்ரியில் அந்த டிரைவரின் தொடக்க எண்ணைப் பூஜ்ஜியமாக்கிவிட்டு, மறுபடி பயாஸில் ஏஹெச்சிஐ. இப்போதும் ஏறியது, முன்னைவிட வேகமாக. அணைத்துவிட்டுப் பழைய டிஸ்க்கை இரண்டாவதாக மாட்டினேன். டி டிரைவ் வந்தது. அதற்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. மேசை மேல் கிடந்த நேரம் முழுக்க அது நல்ல டிஸ்க்தான். ஒரு கையெழுத்துப் பிரதி எரிய இருந்தது, எரியவில்லை.

இவ்வளவு சிக்கல் எதற்கு?

1983-ஐத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாகத் தொடங்கியிருக்கக்கூடாதா என்று கேட்கலாம். ஒவ்வொரு முறையும் பழைய புரோகிராம்களும் பழைய டிஸ்க்குகளும் ஓட வேண்டும் என்ற நியாயமான ஆசைதான் தடுத்தது. ஒரு உதாரணம். தொண்ணூறுகளில் 528 எம்பிக்கு மேல் டிஸ்க் போட்டால் மெஷின்கள் திணறின. பயாஸ் தாங்கக்கூடியது 1,024 சிலிண்டர், 256 ஹெட், 63 செக்டர். ஐடிஇ தாங்கக்கூடியது 65,536 சிலிண்டர், 16 ஹெட், 255 செக்டர். தனித்தனியே இரண்டும் பெரியவை. சேர்ந்து வேலை செய்யும்போது ஒவ்வொன்றிலும் சிறியதுதான் செல்லும்: 1,024 பெருக்கல் 16 பெருக்கல் 63 பெருக்கல் 512 பைட். 52,84,82,304 பைட். இரண்டு தாராளமானவர்கள் சேர்ந்து ஒரு கஞ்சன் ஆன கதை.

அதைத் தாண்டினால் 8.4 ஜிபி, அதைத் தாண்டினால் 137 ஜிபி. எம்பிஆரோடு வந்த எல்லை 2 டிபி. ஒரு பார்ட்டிஷன் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்று எழுத 16 பைட்டில் 4 பைட் வீதம்தான் இடம் இருந்தது. 10 எம்பி டிஸ்க் இருந்த நாளில் அதைக் குறை சொல்ல யாருக்கும் தோன்றியிருக்காது.

கடைசியில் புதிதாகத் தொடங்கவும் செய்தார்கள். தொண்ணூறுகளில் இட்டானியம் மெஷின்களுக்காக இன்டெல் ஆரம்பித்த முயற்சி இஎஃப்ஐ ஆனது. 2005-ல் பல நிறுவனங்கள் சேர்ந்த அமைப்பிடம் போய் யுஇஎஃப்ஐ ஆனது. அதோடு ஜிபிடி என்ற புதுப் பத்திரமும் வந்தது: வழக்கமாக 128 பார்ட்டிஷன், டிஸ்க்கின் கடைசியில் ஒரு மறுபிரதி. அப்படியும் ஜிபிடி டிஸ்க்கின் முதல் செக்டரைப் பாருங்கள். அங்கே ஒரு எம்பிஆர் இருக்கும். பழைய மென்பொருள் ஏதாவது வந்து 'காலி டிஸ்க்' என்று நினைத்து அழித்துவிடக்கூடாதே என்று, முழு டிஸ்க்கும் ஒரே பார்ட்டிஷன் என்று பொய்யாக எழுதி வைத்த காவல் எம்பிஆர்.

புது மெஷினிலும் டிஸ்க் மாற்றும்போது வருகிற சங்கடம் அடிப்படையில் மாறவில்லை. மறைந்திருந்த 100 எம்பி பார்ட்டிஷனுக்குப் பதில் இஎஃப்ஐ பார்ட்டிஷன், அதை நகலெடுக்க மறந்தால் ஏறாது. மதர்போர்டு தன் நினைவில் வைத்திருக்கும் பூட் பட்டியல் பழைய டிஸ்க்கின் எண்ணைச் சுட்டிக்கொண்டிருந்தால் ஏறாமல் போகலாம். எம்பிஆர் முறையில் நிறுவிய விண்டோஸை யுஇஎஃப்ஐ மட்டும் தெரிந்த மெஷினில் மாட்டினால் ஏறவே ஏறாது.

அதனால் உங்கள் வீட்டில் இது நடந்தால் நிதானமாக மூன்று காரியம் செய்யுங்கள். அசல் டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். செய்தியை ஃபோனில் படம் எடுத்து, பேசுவது பயாஸா, எம்பிஆரா, பார்ட்டிஷன் செக்டரா, கெர்னலா என்று பாருங்கள். ஒரு மாற்றம் செய்தபின் செய்தி மாறினால் பயப்படாதீர்கள், வேறு ஆள் பேசுகிறார் என்றால் சங்கிலி நகர்ந்திருக்கிறது. 'ஆப்பரேட்டிங் சிஸ்டம் இல்லை' என்பதற்கும் 'உங்கள் ஃபைல் இல்லை' என்பதற்கும் வெகுதூரம். ஃபார்மட் செய்கிற அந்த ஒரு நிமிடத்தில்தான் முதலாவது இரண்டாவதாக மாறுகிறது.

மணி ஒன்றரை ஆகியிருந்தது. அண்ணன் பேஜ்மேக்கரில் மலரைத் திறந்தார். 43-ம் பக்கத்தில் தலைமையாசிரியரின் கட்டுரை, எழுத்து எழுத்தாகச் சரியாக வந்தது. மொத்தம் 7 கல்வெட்டுகள். நந்தா விளக்கு எரிக்க 96 ஆடு கொடுத்த கொடை ஒன்று அதில் இருக்கிறது. கொடுத்தவரின் பெயர் இருந்த வரியைத்தான் சுவரில் இப்போது படிக்க முடியாது.

பையன் என்னிடம் அந்த டிஸ்க்பார்ட் கட்டளையை எழுதி வாங்கிக்கொண்டார். அண்ணன் டி டிரைவை இரண்டு பென்டிரைவில் நகலெடுக்கச் சொல்லிவிட்டு, டீ சொல்ல வெளியே போனார்.